கோரைப் பாவையை மகள் என்றவள்

‘பாவை – விளையாட்டுப் பொருள்.’ சங்கப் பாடல் குறிப்புகளில் விளக்கம் பெரும்பாலும் இந்த அளவில் நின்றுவிடுகிறது. தவறு என்று சொல்ல முடியாது. ஆனால் இதோடு நிறுத்தினால் பாடலின் பாதி கைவிட்டுப் போயிடும். ஆசிரியர்களும் தேர்வு எழுதும் மாணவர்களும் இரண்டு நெய்தல் பாடல்களைச் சேர்த்துப் படித்துப் பாருங்கள்.

முதலில், பாவையை எதில் செய்தார்கள்? நீர்க்கரையில் கிடைத்ததைக் கொண்டுதான். வண்டலில் செய்தது வண்டற்பாவை. பசுங்கோரையில் செய்தது பைஞ்சாய்ப் பாவை. ‘சாய்’ என்றால் கோரை. நம் கிந்தா வட்டாரத்தில் பழைய ஈயச் சுரங்கக் குட்டைகளின் ஓரம் மண்டிக் கிடக்கிறதே, அந்த மாதிரிக் கோரைதான். காசு கொடுத்து வாங்கிய பொருள் ஒன்றுமில்லை. ஆனால் பாவை என்ற அதே சொல்லைத்தான் கொல்லிமலைத் தெய்வ உருவுக்கும் கண்ணின் மணிக்கும் வழங்கினார்கள். உயிரற்ற பொம்மைக்கு மட்டும் உரிய சொல் அல்ல அது.

குறுந்தொகை 114 பொன்னாகனார் பாடியது. தலைவியைக் குறியிடத்தில் கொண்டுவந்து விட்ட தோழி, தலைவனிடம் பேசுகிறாள். நெய்தல் பரப்பில் பாவையைப் படுக்க வைத்துவிட்டு வந்திருக்கிறேன், போக விடை கொடு என்கிறாள். என்ன அவசரம்? ஆரல் மீன் தின்ற நாரை, தன் மகளின் நெற்றியை மிதித்துவிடுமாம். பாவையை மிதிக்கும் என்று அவள் சொல்லவில்லை, கவனியுங்கள். மகள் என்கிறாள், நெற்றி என்கிறாள். நேரமாகிவிட்டது என்பதை ஒரு தாயின் பதற்றமாக மாற்றிச் சொல்கிறாள். ‘பொம்மைதானே!’ என்று நாம் தள்ளிவிட்டால், அந்தப் பதற்றம் வெறும் சாக்காகிவிடும்.

ஐங்குறுநூறு 155 அம்மூவனார் பாடியது. தலைவனை ஏற்க மறுத்து நிற்கிறாள் தலைவி. பிள்ளை பெறும் காலம் கடந்துபோகிறதே என்று தோழி நெருக்குகிறாள். அந்தத் துறைவனுக்கு நான் பைஞ்சாய்ப் பாவையைப் பெற்றுவிட்டேன் என்பதுதான் தலைவியின் பதில். செய்தேன் என்று சொல்லியிருக்கலாம், பெற்றதாகச் சொல்கிறாள். இதை எள்ளலாகப் படிக்கலாம், வலியாகவும் படிக்கலாம். எனக்கு இரண்டும் சேர்ந்தே கேட்கிறது. அந்தப் பாவையின் பெயரிலேயே பசுமை இருக்கிறது. அறுத்த கோரை எத்தனை நாள் பச்சையாக இருக்கும்? தோழி சொன்ன ‘காலம்’ என்ற பேச்சோடு இந்தக் கேள்வியையும் சேர்த்துப் பாருங்கள்.

இரண்டிலும் நெய்தல் நிலம், இரண்டிலும் நாரை, இரண்டிலும் பாவைதான் பிள்ளை. முதல் பாடலில் அந்தப் பிள்ளை காப்பாற்றப்பட வேண்டியவள். இரண்டாவதில், பிறக்காத பிள்ளையின் இடத்தில் அவள் இருக்கிறாள்.

மாணவர்களே, விடையில் மூன்றை எழுதுங்கள்: யார் பேசுகிறார், யாரிடம் பேசுகிறார், பாவைக்கு என்ன உறவு கொடுக்கிறார். ‘பாவை என்பது பொம்மை’ என்பது அதற்கு முன்னால் வரும் ஒரு வரி மட்டுமே.

ஆசிரியர்களுக்கு ஒன்று. மறுபயனீட்டுப் பொருளில் பொம்மை செய்யும் நடவடிக்கை நமக்குப் புதிதல்ல. கந்தல் துணி, தேங்காய் நார், ரப்பர் கொட்டை, காய்ந்த கோரை எல்லாம் மேசைக்கு வந்துவிடும். கடைசியில் பசை ஒழுங்காக ஒட்டியிருக்கிறதா என்று பார்த்துப் புள்ளி போட்டுவிடுகிறோம். ஒரு படி கூடப் போய், பொம்மைக்குப் பெயர் வைக்கச் சொல்லுங்கள்; அது யார் வீட்டுப் பிள்ளை என்று இரண்டு வரி பேசச் சொல்லுங்கள். பிறகு, “சரி, எல்லாரும் கொண்டுபோய்க் குப்பையில போட்டுட்டு வாங்க” என்று சொல்லிப் பாருங்கள். யாராவது ஒருவர் தயங்குவார். அந்த இடத்தில் குறுந்தொகை 114-ஐத் திறங்கள்.