குடும்ப வேதாகமத்தின் முன்னேடு

சிதம்பரத்துக் கிறிஸ்தவக் குடும்பம் ஒன்று தன் வரலாற்றை நூலாக்கி எம் பார்வைக்கு அனுப்பியுள்ளது. அதன் ஆதாரம் பரம்பரையாகக் காத்த வேதாகமத்தின் முன்னேட்டுக் குறிப்புகளே. மூலத்தையும் நேரிற் கண்டோம்.

அவ்வேதாகமம் 1871ஆம் ஆண்டு வெளிவந்த ஐக்கியத் திருப்புதல். முன்னேட்டிலோ 1846 முதல் நான்கு பிறப்புகள், ஒரே மையில், ஒரே கையெழுத்தில்! பிறந்தபோது எழுதப்பட்டவையல்ல, பின்னொருவர் நினைவிலிருந்து எழுதியவை. பொய்யென்பதன்று, சபையின் ஞானஸ்நானப் பதிவேட்டோடு ஒப்பிடாமல் ஏற்கலாகாது. 1872ஆம் ஆண்டின் இந்தியச் சாட்சியச் சட்டமும், குடும்ப வம்சாவளிக் குறிப்பு தகராறு எழுமுன் செய்யப்பட்டிருக்கவேண்டும் என்றே விதித்தது.

கடலூரில் கீர்நாந்தர் ஐயர் காலத்திலேயே குடும்பம் மனந்திரும்பியதென நூல் உரைக்கிறது. அவர் 1740இல் அங்கு வந்தவர். 1758இல் பிரெஞ்சுப் படை நகரைக் கைப்பற்றியபின் கல்கத்தா சென்றார். இடையிலுள்ள ஏறத்தாழ நூறாண்டுகளைப் பற்றி ஏட்டில் ஒரு வரியுமில்லை.

இவற்றினும் எம்மை வருத்தியது வேறு. முதல் மூதாதையின் மனைவிக்குப் பெயரில்லை. அவர் ஞானஸ்நானத்திற்கு முன் கொண்டிருந்த பெயரும் கத்தியாற் சுரண்டப்பட்டுள்ளது. குலம் தெரியலாகாதென்றோ? அட்டவணையில் பெயர் காணப்படாதவர் ஆசாரிய ஊழியத்தினின்று விலக்கப்பட்டதை எஸ்றா 2:62 கூறும். மத்தேயுவோ தாமாரையும் ராகாபையும் ரூத்தையும் மறைக்கவில்லை. போதகர்கள் பிரசங்கிக்கும் அவ்வதிகாரம் நம் இல்லத்து ஏடுகளை எட்டவில்லை போலும்.

ஏட்டைச் சாய்த்து வெளிச்சத்தில் பிடித்தால் சுரண்டிய பெயரின் முதலெழுத்து இன்றும் தெரிகிறது. நூலாசிரியர் அதனைக் குறிப்பிடவில்லை. மறுபதிப்பில் சேர்க்குமாறு எழுதியுள்ளோம்.