எண்ணைச் சொன்னால் போதுமா?

மும்பை மாட்டுங்காவில் நடந்த மாணவர் செயல்திட்டக் கண்காட்சி ஒன்றில் இந்த முறையும் முதல் பரிசு ஆர்எஃப்ஐடி வருகைப் பதிவுக் கருவிக்கே போயிருக்கிறது. தாராவிப் பட்டறைகளை மனத்தில் வைத்துச் செய்தது. தையல் கூடம், தோல் பட்டறை, பிளாஸ்டிக் பிரிக்கும் கொட்டகை, எதன் வாசலிலும் மாட்டலாம். தொழிலாளி அட்டையைக் காட்டினால் ‘பீப்’ ஒலிக்கும், நேரம் கூகுள் ஷீட்டில் ஏறும். மஸ்டர் நோட்டும் வேண்டாம், மேஸ்திரியின் பேனாவும் வேண்டாம். சிப் தேர்வைப் பற்றி ஒருவர் சந்தேகம் எழுப்பியபோது நடுவர்கள் சொன்ன பதில்தான் என்னை எழுத வைத்தது: மலிவு, எங்கும் கிடைக்கிறது, வேலை செய்கிறது, மாணவர்களிடம் இதற்கு மேல் என்ன எதிர்பார்ப்பது?

மலிவு என்பதில் தகராறில்லை. லாமிங்டன் ரோட்டில் ஆர்சி522 என்ற வாசிப்பான் பலகை கேட்டால் ஒரு வெள்ளை அட்டையும் நீல நிறச் சாவிக்கொத்து வில்லையும் சேர்ந்தே வரும். 13.56 மெகாஹெர்ட்ஸைத் தேர்ந்ததும் சரியே. சில சென்டிமீட்டர் நெருக்கத்தில் காட்டினால்தான் படிக்கும். ஃபாஸ்டேக் இயங்கும் 865–867 மெகாஹெர்ட்ஸை எடுத்திருந்தால் வாசலைச் சும்மா கடந்துபோகிறவரின் பையிலுள்ள அட்டையும் பதிவாகியிருக்கும். கைரேகையைத் தவிர்த்ததற்கும் ஒரு சபாஷ் போடலாம். ரசாயனத்திலும் தோலிலும் தேய்ந்த விரலை அந்தக் கருவிகள் படுத்தும் பாடு கொஞ்சமில்லை.

பாராட்டு இத்தோடு முடிகிறது. நிரலைத் திறந்து பார்த்தால் அது செய்வது ஒரே வேலை: அட்டை சொல்லும் நான்கு பைட் எண்ணை வாங்கிப் பட்டியலோடு ஒப்பிடுகிறது. இருந்தால் ஆள் வந்தாயிற்று. யுஐடி எனப்படும் இந்த எண் ரகசியமே அல்ல. எந்த வாசிப்பான் அருகில் வந்தாலும், சாவிச் சோதனை எதுவும் தொடங்கும் முன்பே, அட்டை அதை வெளிப்படையாகச் சொல்லிவிடும். பக்கத்துப் பக்கத்தில் இரண்டு அட்டைகள் இருந்தால் எது எது என்று பிரித்தறிவதற்காக ஏற்பட்ட எண் அது. அதை ஆளுக்கு அத்தாட்சியாகக் கொள்வது, ரேஷன் கார்டு எண்ணை வாயால் சொன்னவருக்கெல்லாம் அரிசி அளந்து போடுவதற்குச் சமம். நான்கு பைட் எண்கள் தீர்ந்துபோய், அட்டைக்கு அட்டை வேறுபடும் என்ற உறுதியைத் தயாரிப்பாளரான என்எக்ஸ்பியே கைவிட்டுப் பல ஆண்டுகள் ஆகின்றன.

அந்த வெள்ளை அட்டை மைஃபேர் கிளாசிக் வகை. அதில் 16 பகுதிகள், ஒவ்வொன்றுக்கும் தனிச் சாவிகள். மாணவர்கள் அவற்றைத் தொடவே இல்லை. தொட்டிருந்தாலும் பெரிய லாபமில்லை என்பது வேறு விஷயம். அதன் கிரிப்டோ-1 மறையாக்கத்தின் சாவி 48 பிட்தான். 2007 டிசம்பரில் கார்ஸ்டன் நோலும் ஹென்ரிக் பிளோட்ஸும் சிப்பை அடுக்கடுக்காகச் சீவி, நுண்ணோக்கியில் பார்த்து, அதன் உள்கட்டமைப்பை பெர்லினில் அம்பலப்படுத்தினார்கள். அடுத்த ஆண்டு நெதர்லாந்தின் ராட்பவுட் பல்கலைக்கழகத்தார் முழுசாக உடைத்தனர். ஆய்வை வெளியிடத் தடை கேட்டு என்எக்ஸ்பி நீதிமன்றம் போய்த் தோற்றது. லண்டனின் ஆய்ஸ்டர் பயண அட்டை டெஸ்ஃபயர் என்ற வேறு சிப்புக்கு மாறிக்கொண்டது. 2024 ஆகஸ்டில் இன்னொன்றும் வெளிவந்தது: கிளாசிக்குக்கு இணையாக ஷாங்காயின் ஃபூடான் நிறுவனம் செய்யும் சிப் ஒன்றில், எல்லா அட்டைகளுக்கும் பொதுவான ஒரு கொல்லைப்புறச் சாவி இருப்பதை குவார்க்ஸ்லேப் என்ற பாதுகாப்பு ஆய்வு நிறுவனத்தின் பிலிப் டூவென் கண்டுபிடித்தார். நம் கடைகளில் விற்கும் வெள்ளை அட்டைக்குள் இருப்பது யாருடைய சிப் என்று கேட்டுப்பாருங்கள், கடைக்காரர் உங்களை ஏற இறங்கப் பார்ப்பார்.

“தாராவிப் பட்டறையில் போய் யார் சார் ஹேக் பண்ணப் போறாங்க?” என்றாராம் நடுவர் ஒருவர். இந்தக் கேள்வியில்தான் பிழை முழுவதும் இருக்கிறது. வெளியிலிருந்து யாரும் வரவேண்டியதில்லை. தலைக்கு இத்தனை ரூபாய் என்று முதலாளியிடம் கணக்குக் காட்டிக் கூலி வாங்குகிறவர் மேஸ்திரி. ஊருக்குப் போன ஆளின் அட்டை எண்ணையே எழுதிய நகல் ஒன்று அவரிடம் இருந்தால் திருநெல்வேலியில் இருப்பவனுக்கும் தினமும் வருகை விழும், கூலி மேஸ்திரி பையில் விழும். தலைகீழாகவும் நடக்கும். உண்மையாகவே வேலை செய்தவர் கூலி கேட்டு நிற்கும்போது, ‘எவனோ நகல் அட்டை போட்டிருக்கிறான்’ என்று முதலாளி கைவிரித்தால் மறுத்துச் சொல்லத் தொழிலாளியிடம் எதுவும் இல்லை. பழைய மஸ்டர் நோட்டில் கைநாட்டாவது இருந்தது. அட்டையைக் கையில் கொடுத்தனுப்பினால் எந்தச் சிப்பாலும் தடுக்க முடியாது என்பார்கள். உண்மைதான். ஆனால் ஊருக்குப் போகிறவன் அட்டையைக் கொடுக்காமல் எடுத்துப்போகலாம். நகலை அவனால் எடுத்துப்போக முடியாது.

ஃபாஸ்டேகையும் சாட்சிக்கு இழுக்கிறார்கள்: அதுவும் எண்ணைத்தானே சொல்கிறது? சொல்கிறது. ஆனால் அது கண்ணாடியில் ஒட்டியிருக்கிறது, சாவடியில் நம்பர் பிளேட்டைப் பார்க்கக் கேமரா இருக்கிறது, பணம் டேகில் இல்லாமல் வங்கிக் கணக்கில் இருக்கிறது. கண்ணாடி துடைக்கும் சிறுவன் கைக்கடிகாரத்தால் பணத்தை உருவுவதாக 2022 ஜூனில் வீடியோ ஒன்று பரவியபோது, பதிவு பெற்ற வணிகர்கள் வழியாக மட்டுமே பணம் நகரும் என்று தேசியப் பணப்பரிமாற்றக் கழகமான என்பிசிஐ விளக்கியது. பட்டறை வாசலில் கேமராவும் இல்லை, விளக்கம் சொல்ல என்பிசிஐயும் இல்லை.

மாற்று இல்லாமல் போகவில்லை. என்டேக் 424 டிஎன்ஏ என்ற சிப் ஒவ்வொரு முறை தட்டும்போதும் எண்ணிக்கையை ஒன்று கூட்டி, ஏஇஎஸ்-128 சாவியால் புதிய முத்திரை போட்டுத் தருகிறது. சர்வர் அதைச் சரிபார்க்கும். நேற்றைய முத்திரை இன்று செல்லாது. படிக்க என்எஃப்சி உள்ள ஆண்ட்ராய்டு போனே போதும். அட்டை விலை சில மடங்கு கூடும். பதினைந்து பேர் வேலை செய்யும் பட்டறைக்கு அது ஒரு விலையா?

அவர்கள் அதை எடுக்காததற்குக் காரணம் விலை என்று நான் நம்பவில்லை. ஆர்சி522-க்கு ஆயத்த ஆர்டுயினோ நூலகம் கிடைக்கிறது, நகலெடுத்து ஒட்டினால் ஓடுகிறது, அவ்வளவே. அந்த நூலகத்தின் அறிமுகக் குறிப்பிலேயே, யுஐடியைப் பாதுகாப்புக்கான அடையாளமாகக் கொள்ளாதீர்கள், கிரிப்டோ-1 உடைந்துபோனது என்று எழுதியிருக்கிறது. அதன் எடுத்துக்காட்டு நிரல்களில் ஒன்று, மாற்றத்தக்க அட்டைகளின் யுஐடியை மாற்றி எழுதுவதற்கென்றே தரப்பட்டது. நகல் போட மேஸ்திரி வேறெங்கும் போக வேண்டாம். நடுவர்களில் ஒருவராவது அந்தக் குறிப்பைப் படித்திருந்தால் பரிசு பக்கத்து மேசைக்குப் போயிருக்கும். அங்கே இரண்டு பெண்கள் சாக்கடை நீர்மட்டம் அளக்கும் கருவி ஒன்றை வைத்திருந்தார்கள். அதில் ‘பீப்’ சத்தம் வரவில்லை.