காற்றுக்குப் போட்ட கணக்கு

2025 ஜனவரி 6 அன்று ஆஸ்திரியாவின் பிஷோஃப்ஸ்ஹோஃபனில் ஸ்கீ ஜம்பிங்கின் நான்கு குன்றுத் தொடரில் கடைசிப் போட்டி தொடங்கியபோது, முதல் மூன்று இடங்களில் இருந்த மூன்று ஆஸ்திரியர்களுக்கும் இடையே இருந்த இடைவெளி 1.3 புள்ளி. ஸ்டெஃபான் கிராஃப்ட் முன்னிலையில் இருந்தார். யான் ஹோர்லும் டானியேல் ச்சோஃபெனிக்கும் அவரைத் தொட்டுக்கொண்டு நின்றார்கள். கடைசியாகத் தாண்ட வேண்டிய கிராஃப்டுக்கு, காற்று ஒத்துவராததால் உச்சியில் உட்கார்ந்து காத்திருக்க நேர்ந்தது. முடிவில் பட்டம் ச்சோஃபெனிக்குக்குப் போனது. ஹோர்ல் 1.4 புள்ளி பின்தங்கினார், கிராஃப்ட் 4.1 புள்ளி. பெரிய குன்றில் ஒரு மீட்டருக்கு 1.8 புள்ளி என்பதால், முதல் இருவரைப் பிரித்த 1.4 புள்ளியை நீளமாக மாற்றினால் எண்பது சென்டிமீட்டர்கூடத் தேறாது. நான்கு ஊர்களில், ஒன்பது நாட்களில், எட்டுத் தாண்டல்களில் இருவரும் சேர்த்த தூரம் ஒவ்வொருவருக்கும் ஒரு கிலோமீட்டர் அளவுக்கு வரும். அதில் எண்பது சென்டிமீட்டர் வித்தியாசம் வீரருடையதா, காற்றுடையதா, காற்றுக்குப் போட்ட கணக்குடையதா? ஸ்கீ ஜம்பிங்கின் 2024–25 பருவத்தைத் திரும்பிப் பார்க்கும்போது எனக்கு முக்கியமாகத் தோன்றும் கேள்வி இதுதான்.

ஓட்டப்பந்தயத்தில் இந்தச் சிக்கல் இல்லை. நூறு மீட்டர் ஓட்டத்தில் பின்காற்று நொடிக்கு 2 மீட்டரைத் தாண்டினால் சாதனை பதிவாகாது. ஆனால் பந்தயத்தின் முடிவு முடிவுதான், ஏனென்றால் எட்டுப் பேரும் ஒரே காற்றில் ஓடினார்கள். ஸ்கீ ஜம்பிங்கில் ஒருவர் பின் ஒருவராக வருகிறார்கள். மணிக்கு ஏறத்தாழ 90 கிலோமீட்டர் வேகத்தில் மேடையை விட்டுக் கிளம்பும் ஒருவருக்கு எதிர்காற்று அடித்தால் அது அவரைத் தாங்கிப் பிடிக்கும். பின்காற்று அடித்தால் கீழே அழுத்தும். அன்றாட வழக்கில் எதிர்காற்று என்றால் தொல்லை. இங்கே அதுவே வரம். அந்த வரம் முப்பதாவது ஆளுக்குக் கிடைத்து முதலாமவருக்குக் கிடைக்காமல் போவது முழுக்க அதிர்ஷ்டம். ஈடுகட்டும் கணக்கு ஏதும் இல்லாத பழைய முறையில் இன்னொரு கேடும் இருந்தது. சுற்று நடந்துகொண்டிருக்கையில் எதிர்காற்று வலுத்து யாராவது ஆபத்தான தூரம் பறந்துவிட்டால், புறப்படும் இடத்தைக் கீழே இறக்கி வேகத்தைக் குறைக்க வேண்டும். அப்படி இறக்கினால் அதுவரை தாண்டியவர்களோடு ஒப்பிட முடியாது என்பதால் சுற்றையே ரத்து செய்து முதலிலிருந்து தொடங்குவார்கள். அன்று தன் வாழ்நாளின் சிறந்த தாண்டலை நிகழ்த்திவிட்டவருக்கு அது தாளில்கூட இல்லாமல் போகும்.

சர்வதேசப் பனிச்சறுக்குச் சம்மேளனம் 2009 கோடைப் போட்டிகளில் சோதித்துப் பார்த்து, 2010–11 பருவத்திலிருந்து உலகக் கோப்பையில் நிலைநிறுத்திய ஈடுகட்டு முறை இதற்கான பதில். அதில் இரண்டு கணக்குகள் உண்டு. இவற்றை ஒன்றாகப் போட்டுக் குழப்புவதே பாதி வாதங்களின் கோளாறு. முதலாவது, புறப்படும் இருக்கையின் உயரத்துக்கான கணக்கு, ‘கேட்’ என்பார்கள். கேட்டை இறக்கினால் அடுத்து வருபவருக்குப் புள்ளி கூடும், ஏற்றினால் குறையும். எவ்வளவு இறக்கினார்கள் என்பது அளந்து வைத்த நீளம். அதனால் வேகம் எவ்வளவு குறையும் என்பது ஏறக்குறைய நிச்சயம். சுற்றை ரத்து செய்யும் அவலம் இதனால்தான் ஒழிந்தது. பயிற்சியாளரே தன் வீரருக்காகக் கேட்டை இறக்கச் சொல்லலாம். ஆனால் வீரர் ‘குன்றின் அளவு’ எனக் குறிக்கப்பட்ட தூரத்தில் 95 விழுக்காட்டையாவது எட்டினால்தான் அதற்கான கூடுதல் புள்ளி கிடைக்கும். 142 மீட்டர் அளவுள்ள பிஷோஃப்ஸ்ஹோஃபனில் அது ஏறத்தாழ 135 மீட்டர். வெறும் புள்ளி ஆசைக்காக இறக்குவதைத் தடுக்க வைத்த நல்ல தாழ்ப்பாள் இது. கேட் கணக்கைப் பற்றி எனக்குப் புகார் ஏதும் இல்லை.

இரண்டாவது கணக்கு காற்றுக்கானது. குன்றின் ஓரமாகப் பல இடங்களில் நட்ட கருவிகள் காற்றை அளக்கின்றன. சரிவின் போக்கில் அடிக்கும் கூறு மட்டும் எடுக்கப்பட்டு, சராசரியாக்கப்பட்டு, புள்ளியாக மாற்றப்படுகிறது. தொடக்ககாலச் சூத்திரம் எளிமையானது: குன்றின் அளவிலிருந்து 36-ஐக் கழித்து 20-ஆல் வகுத்தால், நொடிக்கு ஒரு மீட்டர் காற்று எத்தனை மீட்டர் தூரத்துக்குச் சமம் என்பது வரும். பிஷோஃப்ஸ்ஹோஃபனுக்கு 5.3 மீட்டர், அதாவது 9.54 புள்ளி. இந்தக் கணக்கின் எளிமையே அதன் பலவீனமும். பக்கக்காற்று இதில் இல்லை. மேடையை விட்டுக் கிளம்பி உடம்பு இன்னும் நிலைக்கு வராத நொடியில் வந்து மோதும் வீச்சும், கீழே இறங்கும்போது தடவிப் போகும் மென்காற்றும் ஒரே சராசரியில் கரைந்துவிடுகின்றன. கருவி ஓரத்தில் நிற்கிறது, வீரர் நடுவில் பறக்கிறார். எல்லாவற்றையும்விட, நேர்கோட்டுச் சூத்திரம் எல்லோரையும் ஒரே சிறகுள்ளவராக எண்ணுகிறது. நல்ல பறப்பாளி ஒரு துளி எதிர்காற்றையும் மீட்டர்களாக மாற்றிக்கொள்வார். சுமாரானவருக்கு அதே காற்று வந்தும் பயன் குறைவு, ஆனால் கழிக்கப்படும் புள்ளி இருவருக்கும் ஒன்றே. பின்காற்றுக்கு எதிர்காற்றைவிடக் கூடுதல் எடை கொடுக்கும்படி இந்தச் சூத்திரம் பிறகு திருத்தப்பட்டது. திருத்தம் நியாயமானது, ஆனால் அதற்கு முந்தைய பருவங்களில் பின்காற்றில் விழுந்தவர்கள் குறைவாகவே ஈடு பெற்றார்கள் என்பதற்கு அதைவிடத் தெளிவான ஒப்புதல் வேறென்ன?

இப்போது அந்த 1.4 புள்ளிக்கு வருவோம். பழைய சூத்திரப்படியே பார்த்தாலும் அது நொடிக்கு சுமார் 0.15 மீட்டர் காற்றுக்குச் சமம். எட்டுத் தாண்டல்களுக்கும் சேர்த்து அவ்வளவுதான். கன்னத்தில் பட்டால் உணரக்கூட முடியாத காற்று. தூரத்தை அளக்கும்போது இந்த விளையாட்டு தன் எல்லையை நாணயமாக ஒப்புக்கொள்கிறது: அரை மீட்டருக்குக் கீழே அளப்பதில்லை. பாணிக்கு மதிப்பெண் தரும் ஐந்து நடுவர்களும் அரைப் புள்ளிக்குக் கீழே போவதில்லை. அதிலும் அதிக மதிப்பெண்ணும் குறைந்த மதிப்பெண்ணும் தள்ளப்படுகின்றன. காற்று மட்டும் முடிவுப் பட்டியலில் இரண்டு தசம இலக்கத்தோடு உட்கார்ந்திருக்கிறது. மூன்றிலும் நிச்சயம் குறைந்த அளவை எதுவோ, அதற்கே மிக நுணுக்கமான எண் உடுத்தப்பட்டிருக்கிறது. 2006 ஜனவரியில் இதே தொடரில், இந்தக் கணக்கு வருவதற்கு முன், பின்லாந்தின் யானே அஹோனெனும் செக் நாட்டின் யாகுப் யாண்டாவும் எட்டுத் தாண்டலுக்குப் பிறகு ஒரே புள்ளியில் நின்று பட்டத்தைப் பகிர்ந்துகொண்டார்கள். அன்று அது அபூர்வம். தசமங்கள் பெருகிவிட்ட இன்று ஏறக்குறைய நடக்கவே நடக்காது. வித்தியாசம் கண்டுபிடிக்கப்பட்டதால் அல்ல, அச்சிடப்பட்டதால்.

கணக்கே வேண்டாம், யார் தூரம் தாண்டினாரோ அவரே வென்றவர் என்று சொல்பவர்கள் உண்டு. பார்வையாளர் கண்ணால் கண்டதும் பலகையில் வருவதும் ஒத்துப்போக வேண்டும் என்பது அவர்கள் வாதம். தொலைக்காட்சியில் சரிவின் மேல் வரையப்படும் பச்சைக் கோடு, முன்னிலை பெற எவ்வளவு தூரம் வேண்டும் என்று காட்டி இதை ஓரளவு ஆற்றியிருக்கிறது. ஆனால் கண்ணுக்குத் தெரிவது நியாயம் என்பதே ஐயத்துக்குரியது. கண்ணுக்குக் காற்று தெரியாது. ஸ்வீடனின் யான் போக்லோவ் ஸ்கீக்களை ‘வி’ வடிவில் விரித்துப் பறந்தபோது அக்காலத்து நடுவர்களின் கண்ணுக்கு அது அவலட்சணம், மதிப்பெண்ணை வெட்டினார்கள். அப்படியும் அவர் 1988–89 உலகக் கோப்பையை வென்றார். பின்னர் உலகமே அவர் வழிக்கு வந்தது. கிரிக்கெட்டில் டக்வொர்த்–லூயிஸ் முறையை நாம் ஏற்றுக்கொள்ளவில்லையா என்று எதிர்ப்பக்கத்திலிருந்து கேட்கலாம். கேட்கத் தகுந்த கேள்விதான், ஆனால் அது மழை வந்தால் மட்டும் உள்ளே வரும் விருந்தாளி. காற்றுக் கணக்கோ ஒவ்வொரு தாண்டலிலும் கூடவே பறக்கிறது. உண்மையான அநீதி உடையில் இருக்கிறது, காற்றில் இல்லை என்பது மூன்றாவது வாதம். 2025 மார்ச்சில் ட்ரோன்ட்ஹெய்ம் உலகச் சாம்பியன் போட்டியில் பெரிய குன்றில் வெள்ளி இடத்தில் நின்றவர் உட்பட இரண்டு நார்வே வீரர்கள், விதியை மீறித் தைத்த உடைக்காகத் தகுதி நீக்கப்பட்ட பிறகு இந்த வாதத்துக்கு வலு கூடியிருக்கிறது. ஆனால் உடையைப் பிரித்துப் பார்த்தால் தவறு கையில் கிடைக்கும், தண்டிக்க ஆளும் கிடைப்பார். காற்றில் இரண்டும் இல்லை. அதனால்தான் அதற்கான கணக்கில் கூடுதல் பணிவு வேண்டும்.

காற்றின் வலு கூடக்கூடச் சூத்திரத்தின் பிழையும் கூடுகிறது. ஆகவே காற்று அனுமதிக்கப்படும் எல்லையைக் குறுக்குவதே நேரான வழி. கணக்கு கையில் இருக்கிறதே என்ற தைரியத்தில் நடுவர் குழு பச்சை விளக்கைப் போட்டுவிடுவது எளிது. தொலைக்காட்சி நேரமும் அதையே விரும்பும். ஆனால் 2008-இலும் 2022-இலும் இன்ஸ்புருக்கின் பெர்கிசெல் குன்றில் காற்று அடங்க மறுத்தபோது போட்டியையே பிஷோஃப்ஸ்ஹோஃபனுக்கு மாற்றினார்கள். ஒன்று கணக்கு வருவதற்கு முன், மற்றது கணக்கு வந்து பதினொரு குளிர்காலம் கழிந்த பின். எந்தச் சூத்திரத்தாலும் சரிக்கட்ட முடியாத காற்று உண்டு என்று சம்மேளனத்துக்கே தெரியும். ஆஸ்லோவின் ஹோல்மென்கோலன் குன்றை 2010-இல் புதிதாகக் கட்டியபோது காற்றுத் தடுப்பையும் சேர்த்தே கட்டினார்கள். கணக்கால் ஈடுகட்டுவதைவிடக் காற்றைத் தடுப்பது எப்போதும் மேல். எல்லையைக் குறுக்கினால் காத்திருப்பு கூடும், சில மாலைகள் ஒரே சுற்றோடு முடியும். அது நஷ்டம்தான், மறுக்கவில்லை. ஆனாலும் ச்சோஃபெனிக்கின் பட்டம் விதிப்படி சரியானது என்பதும், அவர் ஹோர்லைவிடச் சிறப்பாகப் பறந்தார் என்று அந்த 1.4 புள்ளி நிரூபிக்கவில்லை என்பதும் ஒரே சமயத்தில் உண்மையாக இருக்கும் நிலை அதைவிடப் பெரிய நஷ்டம். கேட் கணக்கு இப்படியே இருக்கட்டும். காற்றுக் கணக்கும் இருக்கட்டும். ஆனால் காற்றை இரண்டு தசம இலக்கத்துக்கு அச்சிடும் சம்மேளனம், அந்த எண்ணின் பிழை எவ்வளவு என்பதையும் அதே முடிவுப் பட்டியலில் பக்கத்திலேயே அச்சிட வேண்டும்.