கவனமும் பத்திரமும்

எழும்பூரில் பாண்டியன் எக்ஸ்பிரஸ் புறப்படக் கால்மணி நேரம் இருந்தது. எதிர் இருக்கையில் வந்து அமர்ந்த ஒரு அம்மா எங்கள் பெட்டிகளையும் எங்களையும் மாறிமாறிப் பார்த்துவிட்டு, "செயின் போடலையா?" என்றார். நானும் தங்கச்சியும் ஒரே நேரத்தில் கழுத்தைத் தடவினோம். "கழட்டி வீட்டிலையே வைச்சிட்டு வந்திட்டம்" என்றேன். அவர் சிரித்த சிரிப்புக்கு முழுப் பெட்டியும் திரும்பிப் பார்த்தது. அவர் கேட்டது பயணப் பெட்டியைக் கட்டும் இரும்புச் சங்கிலியை.

யாழ்ப்பாணத்தில் சங்கிலி என்றால் ஒன்று நல்லூரில் சிலையாக நிற்கும் அரசன், மற்றது கழுத்தில் கிடக்கும் பவுண். நாயைக் கட்டுவதையும் சேர்த்தால் மூன்று. நாலாவதாக ஒன்று இருப்பது அன்றைக்குத்தான் தெரியும். கீழ்ப் படுக்கைக்கு அடியில் அதற்கென்று இரும்பு வளையத்தை ரயில்வேயே பொருத்தி வைத்திருக்கிறது. மேடையில் ஒரு பையன் தோள் நிறையச் சங்கிலியும் பூட்டுமாக விற்றுக்கொண்டு போனான். நூற்றைம்பது ரூபாய்க்கு ஒன்று வாங்கினோம். வாங்கிய கையோடு நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். "எங்கடை ரெயினிலை இப்பிடி ஒரு பழக்கம் இல்லை" என்றேன்.

"அங்க சண்டையெல்லாம் நடந்துச்சே. திருட்டுப் போக என்னம்மா இருக்கப்போகுது?"

கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அடுத்த நிமிடமே இட்லிப் பொட்டலத்தைப் பிரித்து எங்களுக்கும் நீட்டினார். நானும் வாங்கிச் சாப்பிட்டேன். ஆனால் மதுரை வரைக்கும் மேல் படுக்கையில் கண்ணை மூடாமல் கிடந்து, அவருக்கு ஒரு மறுமொழி தயாரித்தேன். அது இதுதான்.

எங்கள் யாழ்தேவி ரெயினில் பெட்டியை யாரும் கட்டுவதில்லை. பக்கத்து ஆளிடம் பாரம் கொடுப்போம். "ஒருக்கால் பார்த்துக்கொள்ளுங்கோ" என்றால் போதும். பக்கத்தில் இருப்பது சிங்கள ஆச்சியானால் "பொட்டக் பலாகன்ன". அந்த ஆச்சி, நாம் திரும்பி வரும்வரை தன் பையைவிட நம் பையைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார். கழுவப் போனவள் நாலு பெட்டி தள்ளிச் சொந்தக்காரரைக் கண்டு அரை மணி நேரம் கதைத்துவிட்டு வந்தாலும் பை வைத்த இடத்தில் இருக்கும். இரும்பு காக்கிறதைக் கண் காக்கிறது என்று சொல்ல நினைத்தேன்.

நினைத்தபோதே மனம் இடறியது. இந்தப் பழக்கம் எங்களிடம் இடையறாமல் இருந்ததில்லை. சண்டையால் 1990இல் நின்ற ரெயின் யாழ்ப்பாணத்துக்குத் திரும்ப 2014 ஒக்ரோபர் ஆனது. அதற்கிடையில் கொழும்பு பஸ்ஸில் பையை விட்டுவிட்டு எழும்பினால் அது பை இல்லை, சந்தேகத்துக்குரிய பொதி. சொந்தக்காரி தமிழ்ப் பெயர்க்காரி என்றால் கேட்கவே வேண்டாம். மற்றவரின் பையைப் பார்த்துக்கொள்ள அப்போது யார் துணிவார்? ஓமந்தைச் சோதனைச் சாவடியில் எல்லாப் பொதிகளையும் இறக்கி, அவிழ்த்துக் காட்டி, மறுபடி கட்ட வேண்டியிருந்தது. பெட்டியைப் பூட்டும் பழக்கம் எங்களுக்கு விட்டுப்போனதற்கு அதுவும் ஒரு காரணம். பூட்டினால் சோதிக்கிறவன் திறக்கச் சொல்வான். இன்றைக்கு ஒரு ஆச்சி என் பையை மடியில் வாங்கி வைக்கிறார் என்றால், அதன் பெறுமதி அந்த எழும்பூர் அம்மாவுக்கு விளங்காது. விளங்கப்படுத்த எனக்கும் வாய் வரவில்லை.

திருட்டுப் போக என்ன இருக்கிறது என்று கேட்டாரே, அடையாள அட்டை இருந்தது. எங்கள் தலைமுறையில் பயணத்துக்கு வெளிக்கிட்டால் காசைவிட ஐசியைத்தான் தொட்டுத் தொட்டுப் பார்ப்போம். என் அம்மா என் உள்பாவாடையில் தைத்துத் தந்த பொக்கற் காசுக்காக அல்ல, ஐசிக்காக. அது தொலைந்தால் பொலிசில் முறைப்பாடு, பிறகு கிராம சேவகர், அதற்கிடையில் எந்தச் சோதனைச் சாவடியில் என்ன நடக்குமோ என்ற நடுக்கம். இந்தியாவில் எல்லாரும் ஆதாரின் ஜெராக்ஸைக் கொடுத்துவிட்டு அலட்சியமாக நடக்கிறார்கள். மதுரை விடுதியில் எங்களிடம் மட்டும் பாஸ்போர்ட்டை வாங்கி, வெளிநாட்டவருக்கான சி படிவத்தை நிரப்பினார்கள். சட்டம் அப்படி, குறை சொல்ல முடியாது. ஆனாலும் மீனாட்சி கோயிலுக்குப் பக்கத்துத் தெருவில் நான் வெளிநாட்டுக்காரி.

சொற்களைப் பாருங்கள். அங்கே ஜேப்படி, பிக்பாக்கெட், வழிப்பறி, செயின் பறிப்பு என்று ஒவ்வொன்றுக்கும் தனிப்பெயர். எங்களுக்கு எல்லாம் களவு, எல்லாரும் கள்ளர். மாங்காய் பிடுங்கினவனும் கள்ளன், கொஞ்சும்போது பேரப்பிள்ளையும் கள்ளன். தொழில் வளர்ந்த இடத்தில்தான் சொல்லும் வளரும் என்று தங்கச்சியிடம் பெருமையாகச் சொன்னேன். "எங்களிட்டை வாள்வெட்டு எண்டு ஒரு சொல் இருக்கே அக்கா" என்றாள். அதை நான் கணக்கில் எடுக்கவில்லை.

அவர்கள் புகார் கொடுக்கிறார்கள், நாங்கள் முறைப்பாடு செய்கிறோம். எங்கள் சொல்லில் முறையும் இருக்கிறது, படுகிற பாடும் இருக்கிறது. ஒன்றை ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும். இந்திய ரயிலில் பொருள் போனால் 139ஐ அழைக்கலாம், ஓடும் ரயிலிலேயே டிக்கெட் பரிசோதகரிடம் எழுதிக் கொடுக்கலாம். இடைவழியில் இறங்கி நிலையம் தேடத் தேவையில்லை. கோயிலிலும் ஒழுங்கு அப்படித்தான். மீனாட்சி கோயிலுக்குள் 2018 முதல் கைப்பேசி கொண்டுபோக முடியாது. அதற்கு ஒரு டோக்கன், செருப்புக்கு ஒரு டோக்கன். இரண்டும் சேதமில்லாமல் திரும்பி வந்தன. ஆனால் சாமி கும்பிடும்போது என் கை டோக்கனைத்தான் இறுகப் பிடித்திருந்தது.

நல்லூரில் ஆண்கள் சட்டையைக் கழற்றித்தான் உள்ளே போக வேண்டும். பொக்கற்றே இல்லாதவரிடம் பொக்கற் அடிப்பது எப்படி? காசு, சால்வையால் இறுக்கிய இடுப்பில் இருக்கும். பெண்கள் கதை வேறு. நகை போட்டு வராதீர்கள் என்று ஒலிபெருக்கியில் சொல்லச் சொல்ல, இருபத்தைந்து நாள் திருவிழாவிலும் தாலிக்கொடிகள் மினுங்கிக்கொண்டுதான் வரும். தேரன்று சங்கிலி அறுப்பவர்கள் வெளியூரில் இருந்து வருகிறவர்கள் என்பது எங்களூரின் அசையாத நம்பிக்கை. தெற்கே காலி நகருக்கு அப்பால் கடற்கரை விடுதிகளில் வெள்ளைக்காரர் எதையெதைத் தொலைக்கிறார்கள் என்பது, சுற்றுலாப் பயணிகளுக்கான 1912 இலக்கத்தில் பதில் சொல்பவர்களுக்குத் தெரியும். அந்தப் பக்கம் நான் போனதில்லை. இந்தியாவை மட்டும் பன்னிரண்டு நாள் நன்றாகவே பார்த்தேன்.

அன்று மதுரையில் ரெயினை விட்டு இறங்கும்போது அந்த எழும்பூர் அம்மா என் கையைப் பிடித்து, "பத்திரமா போயிட்டு வாங்க" என்றார். எனக்கு விசித்திரமாக இருந்தது. நாங்கள் பொருளைப் பத்திரமாய் வைப்போம். ஆளைக் "கவனமாப் போட்டு வாங்கோ" என்றுதான் அனுப்புவோம். அவர்கள் ஊரில் பெட்டிக்கும் ஆளுக்கும் ஒரே சொல்லா என்று கேட்க வாயெடுத்தேன். அவர் அதற்குள் குனிந்து எங்கள் சங்கிலியின் பூட்டைத் திறந்துகொண்டிருந்தார். எங்களுக்கு அது திறபடவில்லை.

அந்தச் சங்கிலி பலாலி விமான நிலையம் வழியாக எங்களோடு வந்தது. இப்போது எங்கள் வீட்டுப் படலையில் கிடக்கிறது. போன மாதம் பக்கத்து வளவில் தண்ணீர் மோட்டரைக் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள்.