திருவண்டப் பகுதியும் பல்லண்டக் கொள்கையும்

நாகமலை புதுக்கோட்டையிலும் அதனைச் சூழ்ந்த ஊர்களிலும் திருவாசகம் ஓதும் அன்பரிடையே இக்காலத்து ஒரு கருத்து உலவுகின்றது. திருவாதவூரடிகள் திருவண்டப் பகுதியில் அண்டங்களின் தொகை நூற்றொரு கோடியையும் கடந்ததென அருளினார். மேனாட்டு அறிவியலாரும் அண்டங்கள் பலவென்கின்றனர். ஆகலின் அடிகள் திருவாக்கு இன்று மெய்ப்பிக்கப்பட்டது என்பது அக்கருத்து. அன்பு மேலீட்டாற் பிறந்ததாயினும் இஃது அளவைநூல் முறைக்கு ஒவ்வாதென்பதை ஈண்டு ஆராய்வாம்.

முதற்கண் அறிவியலார் கூறுவது யாதென நோக்குவாம். நாம் காணும் பேரண்டத்தின் அகவை ஏறக்குறைய 1,380 கோடி ஆண்டு. ஒளியின் விரைவுக்கு எல்லையுண்மையின், அக்காலத்துள் நம்மை வந்தெய்திய ஒளியே நம் காட்சிக்கு வரம்பாகும். வெளி இடையறாது விரிதலின், அவ்வரம்பு இன்று ஏறக்குறைய 4,600 கோடி ஒளியாண்டுத் தொலைவில் உளது. இதனை அண்டத் தொடுவானம் என்ப. நாகமலையின் உச்சி ஏறினார்க்கு அடிவானம் சற்று அகலும். அண்டத் தொடுவானமோ கருவியின் பெருமையால் அகலுவதன்று. 1899-இல் நிறுவப்பெற்ற கோடைக்கானல் வானாய்வு நிலையமும், காவலூரில் 1986 முதல் இயங்கும் 2.3 மீட்டர் தொலைநோக்கியும், விண்ணிற் செலுத்தப்பெற்ற கருவிகளும் இவ்வரம்பிற்கு உட்பட்டனவே.

இதற்கு அப்பால் வேறு அண்டங்கள் உளவென்பது காட்சியன்று; கருதலே. பெருவீக்கக் கொள்கையினர், தோற்றக் கணத்தில் வெளி மிகக் கடுகி வீங்கிற்று என்பர். அவருட் சிலர், அவ்வீக்கம் எங்கும் ஒருங்கே ஓயாது, ஓயுமிடந்தோறும் ஓரண்டம் குமிழிபோலத் தோன்றும் என்பர். இதனைச் சோதித்தல் கூடுமோ? ஒரு வழி உண்டு. நம் குமிழி முற்காலத்துப் பிறிதொன்றோடு மோதியிருப்பின், அதன் வடு பழைய நுண்ணலையொளியில் வட்டமாகப் பதிந்திருத்தல் கூடும். அவ்வொளி அண்டம் தோன்றி ஏறக்குறைய 3,80,000 ஆண்டிற் புறப்பட்டது. இலங்கையிற் பிறந்த ஹிரண்யா பீரிஸ் அம்மையாரும் உடன் ஆய்ந்தாரும், டபிள்யூமேப் விண்கலம் அளந்த அவ்வொளியின் படத்தில் வடுவைத் தேடி 2011-இல் முடிபை வெளியிட்டனர். துணியத்தக்க சான்று கிட்டிற்றிலது. வடு காணப்படின் கொள்கை வலியுறும். காணாமையால் அது பொய்யாகிவிடாது, மோதல் நிகழாதிருத்தலும் கூடுமாகலின். இத்தகைய ஐயம்பற்றியே ஜார்ஜ் எல்லிஸ், ஜோசப் சில்க் என்னும் அறிஞர் 2014-இல், சோதனைக்கு அடங்காதவற்றை அறிவியலென ஏற்றலாகாதென மறுத்தெழுதினர்.

இனி நம் நூன்முறை. அருணந்தி சிவாசாரியார் காண்டல், கருதல், உரை என மூன்றளவை கொண்டார். மலையிற் புகை கண்டு தீயுண்டெனக் கருதுவோன், அவ்விரண்டன் உடனிகழ்ச்சியை அடுக்களையில் முன்னரே கண்டவன். பிற அண்டத்தை ஒருவரும் கண்டிலர். இங்குச் சோதிக்கப்பெற்ற விதியே அங்கும் செல்லும் எனின், அங்ஙனம் செல்லுமென்பதே நிறுவவேண்டுவது. உறுதி பெறாத இக்கருதலால் உரையளவையை நிறுவப் புகுதல், ஆற்றுமணலிற் கோபுரம் எழுப்புதலை ஒக்கும்.

அற்றேல், இறைவனையும் ஒருவரும் கண்டிலரே எனின், அறியாது கடாயினாய். குடத்திற்குக் குயவன் வினைமுதலாதல் கண்கூடு. தோன்றி நின்று ஒடுங்கும் உலகிற்கும் வினைமுதல் வேண்டுமென்பது அதன்வழிப் பிறந்த கருதல். அண்டம் ஒன்றாயினும் பலவாயினும் இக்கருதல் குன்றாது. பல்லண்டக் கொள்கையின் துணையை அது வேண்டுவதுமில்லை.

மேலும், இரண்டிடத்தும் பொருள் வேறு. நம் ஆகமங்கள் கூறும் 224 புவனங்கள் உயிர்கள் வினைப்பயன் துய்த்தற்கு மாயையினின்று தோற்றுவிக்கப்பட்டன. அறிவியலாரின் குமிழிகளோ உயிரைப்பற்றியும் வினையைப்பற்றியும் ஒன்றும் கூறா. அடிகளும் அண்டங்களை எண்ணிக் காட்ட வந்தாரல்லர். அத்துணையும் இறைவன்முன் வீட்டினுட் புகும் வெயிற்கதிரிற் றுகள்போற் சிறுத்தலை உணர்த்த வந்தார். எண்ணைப் பற்றிக்கொண்டு துகளுவமையை விடுவார், அப்பகுதியின் கருத்தையே விட்டவராவர்.

இதனால் வருங்கேடு சிறிதன்று. இன்று ஒரு கொள்கையால் திருவாசகம் மெய்யாயிற்றென இளைஞர்க்குக் கற்பிப்போமாயின், நாளை அக்கொள்கை வீழுங்கால் திருவாசகமும் வீழ்ந்ததென அவர் கொள்ளாரோ? தொடுவானத்திற்கு அப்பாலுள்ளதைத் தேடுதல் அறிவியலாரின் கடன், அவர் தேடுக. அப்பாலுக்கும் அப்பாலாயவன் நம் உள்ளத்தும் உளனென உணர்தல் நமது கடன். இவ்விரண்டையும் மயக்காது ஓதுவதே அடிகட்கு நாம் செய்யும் தொண்டாகும்.