ஜாடை தேவைப்படாத கார்ட்டூன்கள்

'டாம் அண்ட் ஜெர்ரி' குழந்தைகளுக்கென்று எடுக்கப்பட்டதல்ல. 1940இல் அது தொடங்கியபோது, முழுநீளப் படத்துக்கு முன்னால் திரையரங்கில் ஓட்டிய ஏழெட்டு நிமிடத் துண்டுப்படம். டிக்கெட் வாங்கி உட்கார்ந்திருந்த எல்லா வயதினரையும் அது சிரிக்கவைக்க வேண்டியிருந்தது. வில்லியம் ஹன்னாவும் ஜோசப் பார்பெராவும் உருவாக்கிய அந்தத் தொடர் ஏழு ஆஸ்கர் விருதுகளை வாங்கியது. 'தி கேட் கான்செர்ட்டோ'வில் டாம் பியானோவில் லிஸ்டின் ஹங்கேரிய ராப்சொடியை வாசிக்க, உள்ளே உறங்கிய ஜெர்ரி எழுந்து வம்பு செய்யும். பொடியன் அடிதடிக்குச் சிரிப்பான். இசை தெரிந்தவர் அந்த அடிகள் தாளம் பிசகாமல் விழுவதைக் கேட்டுச் சிரிப்பார்.

தொலைக்காட்சிதான் வேலி போட்டது. 1960இல் இரவு நேரத் தொடராக வந்த 'ஃபிளின்ட்ஸ்டோன்ஸ்' பெரியவர்களுக்கானது. அதன் ஆரம்ப விளம்பரதாரர் ஒரு சிகரெட் நிறுவனம். அதே தொடரின் நாயகன் ஃபிரெட் பத்தாண்டு முடிவதற்குள் குழந்தைகள் சப்பும் வைட்டமின் மாத்திரையாகிவிட்டார். சனிக்கிழமை காலை, மலிவான சித்திரம், பொம்மை விளம்பரம் என்று கார்ட்டூன் ஒதுங்கியது அப்போதுதான்.

வேலிக்குள் இருந்துகொண்டே பெரியவர்களை இழுக்க எளிய வழி ஒன்று உண்டு: ஜாடைப் பேச்சு. பிள்ளைக்குப் புரியாத கிண்டலை அதன் தலைக்கு மேலே வீசுவது. 'ஷ்ரெக்' (2001) இதில் கில்லாடி. ஆனால் ஜாடைக்கு ஆயுள் குறைவு. 1941இல் வந்த 'ஹாலிவுட் ஸ்டெப்ஸ் அவுட்' முழுக்க அன்றைய நட்சத்திரங்களின் கேலிச்சித்திரம். இன்று பாதி முகங்களுக்கு உரை எழுத வேண்டும். 1949இல் ரோட் ரன்னர் பறவையைத் துரத்தத் தொடங்கிய கொயோட்டி ஓநாய்க்கு அந்தச் சிக்கல் இல்லை. குன்றின் விளிம்பைத் தாண்டி ஓடியும், கீழே பார்க்கும்வரை அது விழுவதில்லை. கடன் வாங்கி வீடு கட்டிய யாருக்கும் இதை விளக்க வேண்டியதில்லை.

ஜாடையே இல்லாமல், ஒரே காட்சியை இரண்டு வயதிலிருந்தும் பார்க்கவைப்பதுதான் கடினமான வித்தை. இன்று அதில் முதலிடத்தை நான் ஆஸ்திரேலியாவின் 'புளூயி'க்குத் தருவேன். ஜோ பிரம் உருவாக்கி 2018இல் தொடங்கிய தொடர். பிரிஸ்பேன் நகரத்து நாய்க் குடும்பம். ஓர் அத்தியாயம் ஏழு நிமிடம். 'ஸ்லீப்பிடைம்' அத்தியாயத்தில் சின்னவள் பிங்கோ இரவு முழுக்கத் தன் கட்டிலிலேயே தூங்க முடிவெடுக்கிறாள். கனவில் கோள்களுக்கிடையே மிதக்கிறாள். பின்னணியில் ஹோல்ஸ்டின் 'வியாழன்' இசை. அம்மாவின் கதகதப்பே அங்கே சூரியன். நனவில் நடப்பது வேறு: பிள்ளைகள் மாற்றி மாற்றி எழுந்து வர, பெற்றோர் கட்டில் கட்டிலாக அலைகிறார்கள். பிள்ளை விண்வெளிப் பயணம் பார்க்கிறது, தாய் தன் தூங்காத ராத்திரிகளைப் பார்க்கிறாள். 'பேபி ரேஸ்' இன்னும் நெருக்கம். அடுத்தவர் குழந்தை முந்திக்கொள்ள, தன் குழந்தை இன்னும் நடக்கவில்லையே என்று குமையும் அம்மா சில்லியை எந்தத் தெருவிலும் சந்திக்கலாம். ஒரு குறை சொல்லலாம்: அப்பா பாண்டிட்டுக்கு விளையாட இத்தனை நேரம் எங்கிருந்து கிடைக்கிறது?

'அவதார்: தி லாஸ்ட் ஏர்பெண்டர்' (2005–2008) சிறுவர்களின் சாகசம்தான். ஆனால் அதில் ஐரோ என்ற கிழவர், போரில் இறந்த மகனை நினைத்து மரத்தடியில் அழுதபடி பாடும் சில நிமிடங்களைப் பிள்ளை பெற்றவர்கள் எளிதில் கடக்க முடியாது. ஐரோவுக்குக் குரல் கொடுத்த நடிகர் மாக்கோ 2006இல் காலமானார். அந்தப் பகுதி அவருக்கே காணிக்கை. 'அட்வென்ச்சர் டைம்' வேறு வழியில் போகிறது. இளவரசிகளைக் கடத்தும் கோமாளி வில்லனான பனிராஜா, மந்திரக் கிரீடத்தை அணிந்து அணிந்து நினைவிழந்த ஒரு நல்ல மனிதர் என்பது பின்னால்தான் தெரியவருகிறது. சிறுவயதில் தன்னைக் காப்பாற்றிய அவரிடம் மார்சலின் என்ற பெண் பேசுகிறாள். அவருக்கு அவள் யாரென்றே தெரியவில்லை. மறதி நோய் வந்த பெற்றோரைப் பராமரிப்பவர்கள் இதை எப்படிப் பார்ப்பார்கள்!

தமிழில், 2007இல் வந்த சுட்டி டிவியின் 'ஜாக்கி சான்' தொடரை வளர்ந்த பின்னும் விடாதவர்கள் உண்டு. அவர்களைப் பிடித்துவைத்தது கதையைவிட நம் பேச்சுவாக்கில் அமைந்த டப்பிங்தான். 2008இல் தொடங்கிய 'சோட்டா பீம்' பெரும் வெற்றி, ஆனால் தோலக்பூர்ப் பெரியவர்களுக்கு வேலை குறைவு. ராஜா ஆபத்து என்பார், பீம் லட்டு தின்று காப்பாற்றுவான், எல்லோரும் கைதட்டுவார்கள். அந்த ராஜாவுக்கென்று ஒரு வீட்டுக் கவலையை எழுதியிருந்தால், பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் தகப்பன் கைபேசியைக் கொஞ்சம் தாமதமாக எடுப்பார்.