மனமொத்த மணமுறிவும் இசைவின் நிலையும்: இந்து திருமணச் சட்டப் பிரிவு 13பி குறித்த ஒரு திறனாய்வு

ஆய்வுச் சுருக்கம்

கணவனும் மனைவியும் இணைந்து மனு அளித்து மணமுறிவு பெறும் முறை, 1976-ஆம் ஆண்டுத் திருத்தத்தின் வழியாக இந்து திருமணச் சட்டத்தில் பிரிவு 13பி-யாக இடம்பெற்றது. இப்பிரிவு பற்றிய விவாதங்கள் பெரும்பாலும் ஆறு மாதக் காத்திருப்புக் காலத்தைச் சுற்றியே அமைந்துள்ளன. இப்பிரிவின் அடிப்படை காலம் அன்று, இசைவே என்பதையும், அவ்விசைவு அச்சமின்றித் தரப்பட்டதா என அறியும் கடமையை நீதிமன்றத்திற்கு விதித்த சட்டம் அதற்கான வழிமுறையை வகுக்காமல் விட்டுள்ளது என்பதையும் சட்ட வாசகம், தீர்ப்புகள் ஆகியவற்றின் துணைகொண்டு இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: மணமுறிவு, இசைவு, பிரிவு 13பி, காத்திருப்புக் காலம், ஜீவனாம்சம், குடும்ப நீதிமன்றம்.

முன்னுரை

இம்முறை தமிழில் ‘பரஸ்பர விவாகரத்து’ என்றும் ‘மனமொத்த விவாகரத்து’ என்றும் வழங்கப்பெறுகிறது. ‘மனமொத்த’ என்னும் அடை இல்லறத்தோடு நெருங்கிய தொடர்புடையது. மணமக்களை வாழ்த்தும்போது பயன்படுவது. அதே அடை பிரிவுக்கும் முன்னொட்டாக வந்து நிற்கிறது. இவ்வழக்கு, பிரியும் இருவரும் ஒரே மனநிலையில் பிரிகின்றனர் என்ற எண்ணத்தைக் கேட்போரிடம் ஏற்படுத்துகிறது. சட்டம் கோருவதோ அதனினும் குறைவானது. திருமணம் கலைக்கப்பட வேண்டும் என்று இருவரும் ஒப்புக்கொண்டிருந்தால் போதும். மனம் ஒத்தல் வேறு, ஒப்புதல் அளித்தல் வேறு. மனம் ஒவ்வாத நிலையிலும் ஒருவர் ஒப்புதல் அளிக்கக்கூடும். இவ்விரண்டிற்கும் இடையிலான தொலைவைச் சட்டநடைமுறை எவ்வாறு அளக்கிறது என்பதே இங்கு எழும் வினா.

சட்டப் பின்னணி

1955-ஆம் ஆண்டு இந்து திருமணச் சட்டம் மணமுறிவைக் குற்றத்தின் அடிப்படையில் அமைத்தது. ஒருவர் மற்றவர் மீது குறை கூறி மெய்ப்பித்தாலன்றிப் பொதுவாக மணமுறிவு இல்லை. இதற்கு ஓராண்டு முன்னர் இயற்றப்பட்ட சிறப்புத் திருமணச் சட்டமோ, பிரிவு 28-இல் இருவர் இசைவுடன் பிரியும் வழியைத் தொடக்கம் முதலே ஏற்றிருந்தது. இந்து முறைப்படி மணந்தவர்க்கு அவ்வழி 1976-ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டத்தின் மூலமே கிடைத்தது. தமிழ்நாட்டில் பிரிவு 7ஏ-யின்படி நடைபெறும் சுயமரியாதைத் திருமணங்களும் இச்சட்டத்தின் கீழ் வருவன ஆதலின், அவற்றிற்கும் பிரிவு 13பி பொருந்தும்.

பேசித் தீர்த்துப் பிரிவது தமிழ்ச் சமூகத்திற்குப் புதிதன்று. சில சமூகங்களில் ஊர்ப் பெரியோர் முன்னிலையில் ‘தீர்த்துவிடுதல்’ வழக்காக இருந்துள்ளது. வழக்காற்றின் வழி பெறும் மணமுறிவை இந்து திருமணச் சட்டத்தின் பிரிவு 29(2) காத்து வைத்திருக்கிறது. அவ்வாறு கோருவோர் அவ்வழக்காறு தம் சமூகத்தில் உள்ளதென மெய்ப்பிக்க வேண்டும். முத்திரைத்தாளில் இருவரும் கையொப்பமிட்டுவிட்டால் திருமணம் முறிந்துவிடும் என்னும் எண்ணம் சட்டப்படி தவறானது.

பிரிவு 13பி-யின் அமைப்பு

இப்பிரிவு இரு கட்டங்களைக் கொண்டது. முதற்கட்டத்தில் இருவரும் இணைந்து மனு அளிக்கின்றனர். ஓராண்டோ அதற்கு மேலோ பிரிந்து வாழ்வது, சேர்ந்து வாழ இயலாமற் போனது, திருமணத்தைக் கலைக்க இருவரும் ஒப்புக்கொண்டது ஆகிய மூன்றையும் மனு கூற வேண்டும். மனு அளித்து ஆறு மாதங்களுக்குப் பின்னரும் பதினெட்டு மாதங்களுக்குள்ளும், மனு இடையில் திரும்பப் பெறப்படாத நிலையில், இருவரும் மீண்டும் நீதிமன்றத்தை அணுக வேண்டும். நீதிமன்றம் இருவரையும் கேட்டு, தக்க விசாரணை நடத்தி, மனுவின் கூற்றுகள் உண்மை என மனநிறைவு கொண்டால் தீர்ப்பாணை வழங்கும்.

‘பிரிந்து வாழ்தல்’ என்னும் தொடருக்கு 1991-ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் பொருள் வரையறுத்தது. வெவ்வேறு இடங்களில் குடியிருப்பதை அது குறிக்கவில்லை. கணவன் மனைவியாக வாழாதிருப்பதையே குறிக்கிறது. ஆகவே ஒரே கூரையின் கீழ் இருந்துகொண்டும் பிரிந்து வாழலாம். தனி வீடு எடுக்க வசதியற்ற குடும்பங்களுக்கும், பிறந்தகம் திரும்ப இயலாத பெண்களுக்கும் இவ்விளக்கம் பயனுடையது.

மேற்கண்ட மூன்று கூற்றுகளுள் ‘கட்டாயமின்றி ஒப்புக்கொண்டோம்’ என்பது இடம்பெறவில்லை என்பது கருதத்தக்கது. அந்நிபந்தனை வேறோரிடத்தில், பிரிவு 23(1)(பிபி)-யில் உள்ளது. வன்முறை, மோசடி, தகாத செல்வாக்கு ஆகியவற்றால் இசைவு பெறப்படவில்லை என நீதிமன்றம் மனநிறைவு கொள்ள வேண்டும் என்கிறது அப்பிரிவு. எதிர்ப்பு இல்லாத வழக்கிலும் இக்கடமை உண்டு. ஆயினும் அதை எவ்வாறு நிறைவேற்றுவது என்பதைப் பிரிவு 13பி-யும் கூறவில்லை, பிரிவு 23-உம் கூறவில்லை. மனுவை ஒட்டியே கேள்விகள் அமையும் நடைமுறையில், மனுவில் இல்லாத செய்தி கேட்கப்படாமலே போகும் வாய்ப்பு மிகுதி.

இசைவு எதுவரை நிலைக்க வேண்டும்?

மனு அளித்த நாளில் இருந்த இசைவு போதுமா, தீர்ப்பாணை வரை அது தொடர வேண்டுமா என்பதில் உயர் நீதிமன்றங்கள் மாறுபட்டன. மனு அளிக்கும் நாளே முதன்மையானது எனப் பம்பாய் உயர் நீதிமன்றம் கருதியது. இக்கருத்தை 1991-ஆம் ஆண்டுத் தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. தீர்ப்பாணை வழங்கப்படும் வரை இசைவு நிலைத்திருக்க வேண்டும். ஒருவர் தனித்தே அதைத் திரும்பப் பெறலாம் என்றது. அவ்வழக்கின் மனைவி, அழுத்தத்தின் பேரில் தாம் நீதிமன்றத்திற்கு அழைத்து வரப்பட்டதாகக் கூறியவர் என்பது இங்கு நினைவுகொள்ளத்தக்கது. இடைக்காலம் என்பது மனம் மாறுவதற்கான வாய்ப்பு மட்டுமன்று. முதல்நாளில் சொல்ல இயலாததைப் பின்னொரு நாளில் சொல்வதற்கான வாய்ப்பும் ஆகும்.

2009-ஆம் ஆண்டு மூன்று நீதிபதிகள் அமர்வு இந்நிலைப்பாட்டை உறுதிசெய்தது. ஒருவர் விசாரணைக்கு வராமையைக் கொண்டே அவரது இசைவு தொடர்வதாக ஊகிக்க இயலாது என்றும் தெளிவுபடுத்தியது. மௌனத்தைச் சம்மதமாகக் கொள்ளும் சமூக வழக்கத்தை நீதிமன்றம் இங்கு விலக்கியுள்ளது.

காத்திருப்புக் காலமும் 2017-ஆம் ஆண்டுத் தீர்ப்பும்

2017-ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் ஆறு மாதக் காலம் கட்டாயமானதன்று, வழிகாட்டும் தன்மையது எனத் தீர்ப்பளித்தது. சட்டம் குறிக்கும் காலவரம்புகள் முதல் மனுவுக்கு முன்னரே கடந்திருத்தல், சமரச முயற்சிகள் அனைத்தும் தோல்வியுறல், ஜீவனாம்சம், குழந்தையின் பொறுப்பு உள்ளிட்டவற்றில் உண்மையான தீர்வு எட்டப்படல், காத்திருப்பு துன்பத்தை நீட்டிக்க மட்டுமே செய்தல் ஆகியன காலத்தைத் தள்ளுபடி செய்வதற்குக் கருதப்பட வேண்டியவை. 2023-ஆம் ஆண்டு ஐந்து நீதிபதிகள் கொண்ட அரசியலமைப்பு அமர்வு, உறுப்பு 142-இன் கீழ்த் தான் இக்காலத்தைத் தள்ளுபடி செய்யலாம் என்றது. மீளமுடியாத முறிவின் அடிப்படையில், ஒருவர் எதிர்த்தாலும் மணமுறிவு வழங்கும் அதிகாரம் தனக்கு உண்டென்றும், அதை எவரும் உரிமையாகக் கோர இயலாதென்றும் கூறியது.

2017-ஆம் ஆண்டுத் தீர்ப்பின் மனிதநேயம் மறுக்கத்தக்கதன்று. பல ஆண்டுகள் பிரிந்து வாழ்ந்து, மறுவாழ்வை எதிர்நோக்கி நிற்பவருக்கு மேலும் ஆறு மாதம் தண்டனையே. ஆனால் அந்நிபந்தனைகளைக் கூர்ந்து நோக்கினால், அவை பேச்சு முடிந்துவிட்டதா என்பதையே முதன்மையாக அளக்கின்றன. பேச்சு சமநிலையில் நடந்ததா என்பதற்குத் தனி அளவுகோல் அங்கில்லை. ‘உண்மையான தீர்வு’ என்ற சொல்லுக்குள் அதை அடக்கலாம்; அது நீதிபதி அச்சொல்லை வாசிக்கும் முறையைப் பொறுத்தது.

பேரத்தின் நிழலில் இசைவு

இசைவு தனித்து நிற்பதில்லை. நகை, சீர்வரிசைப் பொருள், நிரந்தர ஜீவனாம்சம், குழந்தையைப் பார்க்கும் உரிமை, நிலுவையிலுள்ள வழக்குகள் என அனைத்தும் ஒரே ஒப்பந்தத்தில் சேர்கின்றன. தொகையின் ஒரு பகுதியை முதற்கட்டத்திலும் எஞ்சியதை இரண்டாம் கட்டத்திலும் வரைவோலையாகத் தருவது பரவலான நடைமுறை. கணவன் ஏமாற்றாதிருக்க இது மனைவிக்குப் பாதுகாப்பு. அதே ஏற்பாடு, இரண்டாம் கட்டத்தில் ‘எனக்கு இதில் விருப்பமில்லை’ எனச் சொல்வதன் விலையையும் உயர்த்துகிறது. வருவாயற்ற பெண்ணுக்கு அவ்விலை தாங்கக்கூடியதாக இருப்பதில்லை.

கொடுமைக் குற்ற வழக்குகளும் இவ்வாறே. சமரசம் ஏற்பட்டால் அத்தகைய வழக்கை உயர் நீதிமன்றம் ரத்து செய்யலாம் என 2003-ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் ஏற்றது. அதன்பின் குற்ற வழக்கு பேரத்தின் ஒரு பொருளாகவும் மாறியது. கைது அச்சத்தால் ஒப்பும் கணவனும், பணமின்மையால் ஒப்பும் மனைவியும் ஒரே மனுவில் கையொப்பமிடுகின்றனர். பிரிவு 23-இன் பார்வையில் இருவரது இசைவும் ஆராயத்தக்கதே.

2018-ஆம் ஆண்டு டெல்லி உயர் நீதிமன்றம் இச்சிக்கலை நேரடியாக எதிர்கொண்டது. இசைவளிக்குமாறு எவரையும் கட்டாயப்படுத்த இயலாது. எனினும் நீதிமன்றத்திற்கு அளித்த உறுதிமொழியை மீறுவது அவமதிப்பாகலாம் என்றது. ஒப்பந்தத்தின் பயனைப் பெற்றுக்கொண்டு பின்வாங்குவோரைத் தடுக்க இது தேவையானது. ஆனால் அழுத்தத்தால் உறுதிமொழி தந்தவருக்கு, 1991-ஆம் ஆண்டுத் தீர்ப்பு திறந்துவைத்த கதவு இதனால் குறுகுகிறது. பின்வாங்கியமைக்கான காரணத்தை ஆராய்ந்த பின்னரே அவமதிப்பு பற்றிய வினா எழ வேண்டும்.

தீர்வுக்கான வழிகள்

புதிய சட்டம் இன்றியே செய்யத்தக்கவை சில உள்ளன. முதலாவது, இரண்டாம் கட்டத்தில் இருவரையும் தனித்தனியே, உறவினர் எவரும் உடனில்லாமல், அவரவர் அறிந்த மொழியில் நீதிபதி விசாரிப்பது. பிரிவு 22 இந்நடவடிக்கைகளைப் பொதுவில் நடத்தாமலிருக்க ஏற்கெனவே வகைசெய்கிறது. இரண்டாவது, ஒரே வழக்கறிஞர் இருவருக்கும் மனு தயாரிக்கும்போது, எளிய நிலையிலுள்ளவர் தனி ஆலோசனை பெற்றாரா எனக் கேட்பது. 1987-ஆம் ஆண்டுச் சட்டப்பணிகள் ஆணையங்கள் சட்டத்தின் பிரிவு 12, வருமானம் எவ்வளவாயினும் பெண்கள் இலவசச் சட்ட உதவி பெறத் தகுதியுடையவர் என்கிறது. மூன்றாவது, இறுதித் தொகையை முன்னதாகவே நீதிமன்றத்தில் செலுத்தச் செய்வது. கணவன் ஏமாற்றுவான் என்ற அச்சம் அப்போது இசைவை வளைக்காது. நான்காவது, காலத்தைத் தள்ளுபடி செய்யும் ஆணையில், இசைவு தடையற்றது என்ற முடிவுக்கு வந்த காரணத்தைப் பதிவுசெய்வது.

முடிவுரை

ஆறு மாதக் காலத்தை வைத்துக்கொள்வதா, நீக்குவதா என்பது இரண்டாம்நிலை வினா. கேள்வி கேட்கப்படாத ஆறு மாதம், அழுத்தத்தில் இருப்பவரை மேலும் ஆறு மாதம் அழுத்தத்திலேயே வைத்திருக்கும். உரிய கேள்வி கேட்கப்பட்டால் ஒரே நாளிலும் உண்மை வெளிப்படலாம். 1976-இல் சட்டம் தம்பதியரின் முடிவை நம்பத் தொடங்கியது, அது முன்னேற்றமே. அந்நம்பிக்கைக்கு ஈடாகப் பிரிவு 23 நீதிமன்றத்தின் மீது வைத்த கடமை இன்றும் பெரும்பாலும் நீதிபதியின் தனிப்பட்ட அக்கறையைச் சார்ந்தே நிற்கிறது. அதனை நடைமுறை விதியாக வகுப்பதே இப்பிரிவில் எஞ்சியுள்ள பணி.